மின்னோட்டம் மீளும் வழி

(ஒரு பழைய மாணவன்)

மூன்று சிறு கோடுகளை ஒன்றின்கீழ் ஒன்றாக, வரவரக் குறுகும்படி வரைந்து அதனைப் "புவி" என்று குறிப்பதைப் பௌதிக வகுப்பிற் படித்த எவரும் அறிவர். அக்குறியை இட்டவுடன் மின்னோட்டம் மண்ணுக்குட் சென்று மறைந்துவிட்டது என்றும், அதற்குமேல் அதைப் பற்றிச் சிந்திக்க வேண்டுவதில்லை என்றும் மாணவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் வேரூன்றிவிடுகின்றது. பரீட்சையில் அதனால் தீங்கில்லை. முழுப் புள்ளியும் பெறலாம். ஆனால் அம்மாணவன் பின்னொரு நாள் மின்னணுக் கருவிகளை ஆக்கும் தொழிலிற் புகுவானாயின், அன்று கற்ற அக்குறியே அவனுக்குப் பகையாய் முடியும். மின்னோட்டம் எங்கும் மறைவதில்லை. எந்த மூலத்திலிருந்து புறப்பட்டதோ அந்த மூலத்துக்கே அது மீள வேண்டும். கேர்க்கோவ் என்னும் ஜேர்மன் அறிஞர் 1845 ஆம் ஆண்டில் வகுத்த விதியின் சாரம் இதுவே. இதை அறியாதார் இல்லை. ஆயினும் வேலை மேசையிலே இதை நினைப்பார் சிலரே என்பது எனது முறைப்பாடு.

விழா மலருக்கு ஏதேனும் எழுதித் தருக என்று மலர்க் குழுவினர் கேட்டபொழுது, விடுதி வாழ்க்கையையும் கிரிக்கெற் ஆட்டங்களையும் எழுதுவதற்கு என்னிலும் வல்லார் பலர் உளர் என்பதை அறிந்தேனாதலின், நான் நெடுங்காலமாகச் செய்துவரும் தொழில் பற்றியே எழுதத் துணிந்தேன். விடயம் சற்றுக் கடினமானது. இம்மலரைப் படிப்போருள் வைத்தியரும் வழக்கறிஞரும் கணக்காளரும் பெருந்தொகையினர். அவர்களும் பின்தொடரத்தக்க வகையிற் கூற முயல்வேன்.

நாம் நாடோறும் பயன்படுத்தும் தொலைபேசி, மோட்டார் வாகனம், வைத்தியசாலையில் இதயத் துடிப்பை வரையும் கருவி ஆகிய யாவற்றினுள்ளும் சிப் எனப்படும் ஒருங்கிணைந்த சுற்றுக்கள் உள்ளன. (தமிழ்நாட்டார் இதனைச் சில்லு என்பர். யாழ்ப்பாணத்திலே சில்லு என்றால் வண்டிச் சக்கரமே நினைவுக்கு வருமாதலால் சிப் என்றே எழுதுகின்றேன்.) இவற்றுட் சில இருவகைச் சைகைகளைக் கையாள்வன. உடல் வெப்பம், குரல், இரத்த அமுக்கம் என்பவற்றை அளக்குங்கால் எழும் மின்சைகைகள் தொடர்ந்து ஏறியும் இறங்கியும் வருவன. இவை அனலொக் சைகைகள். கணிப்பொறிக்கு வேண்டியனவோ ஒன்று, பூச்சியம் எனும் இரண்டே நிலைகளை உடைய இலக்கமுறைச் சைகைகள். முதல் வகையை இரண்டாம் வகையாக மாற்றும் சிப்பினுள்ளே மென்குரலும் பேரிரைச்சலும் ஒரு கூரையின்கீழ்க் குடியிருக்கின்றன. பிள்ளையைத் தூங்கவைக்கும் அறைக்கு அடுத்த அறையிலே தச்சுப்பட்டறை நடத்துவது போன்றது இது.

இத்தகைய சிப் ஒவ்வொன்றும் தொழிற்சாலையை விட்டு வெளியேறுமுன் சோதிக்கப்படும். சோதிக்கும் பொறி ஓர் அலுமாரியளவு பெரியது. 1960 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே தொடங்கப்பெற்ற ரெறடைன் நிறுவனமும், யப்பானிய நிறுவனமாகிய அட்வான்ரெஸ்ற்றும் இப்பொறிகளை ஆக்குவோருட் பெயர்பெற்றவை. பொறி எத்துணை விலை பெறினும் சிப்புடன் அது நேரே பேசமாட்டாது. இரண்டுக்கும் நடுவே, சிப்பின் இனத்துக்கு ஏற்பத் தனித்தனியே ஆக்கப்படும் ஒரு பலகை வேண்டும். தொழிலில் உள்ளோர் இதனை "லோட் போட்" என்பர். நாம் சோதனைப் பலகை என்போம். பெரும்பாலும் ஏறத்தாழ ஒரு முழ அகலமும், சில மில்லிமீற்றர் தடிப்பும், ஒன்றன்மேல் ஒன்றாக இருபது முப்பது செப்புப் படைகளும் உடையதாய் அது இருக்கும். நடுவிலே சிப்பை இருத்தும் சொக்கற்றும், சுற்றிலும் ரிலேக்களும், அடியிலே பொறியின் வில்லூசிகள் வந்து முட்டும் நூற்றுக்கணக்கான செப்புப் பொட்டுக்களும் காணப்படும். இப்பலகையைப் பற்றியே எனது வழக்கு.

வழக்கின் அளவை முதலிற் காட்டிவிடுகின்றேன். 5 உவோற்று வீச்சையுடைய 16 பிற் மாற்றி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது 5 உவோற்றை 65,536 படிகளாகப் பிரித்து நோக்குகின்றது. ஆகவே ஒரு படி 76 மைக்கிரோ உவோற்று மாத்திரமே. இனி, அதே சிப்பின் இலக்கமுறைக் கால் ஒன்று நிலை மாறுகையில் 20 மில்லி அம்பியர் ஓட்டத்தை ஒரு நனோ செக்கனில், அதாவது ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கில், ஏற்றுகின்றது என்க. ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள மெல்லிய கம்பிக்கு ஏறத்தாழ ஒரு நனோ ஹென்றி தூண்டற்றிறன் உண்டு. அவ்வோட்டம் மீளும் வழியிலே அந்த ஒரு மில்லிமீற்றர் கம்பி குறுக்கிடுமாயின், அதன் இரு முனைகளுக்கும் இடையே 20 மில்லி உவோற்று அழுத்தம் எழும். அனலொக் பகுதியும் அதே கம்பியைத் தனது புவியாகக் கொண்டிருந்தால், 260 படிகளுக்கு மேற்பட்ட பிழை அக்கணத்திற் புகுந்துவிடும். ஒரு மில்லிமீற்றர் கம்பி! "புவி" என்று பெயரிட்டு நாம் மறந்துவிட்ட கம்பி.

அப்பெயர் இத்துறையிற் புகுந்த வரலாறு சுவையானது. தந்தி தோன்றிய காலத்திலே போவதற்கு ஒரு கம்பி, மீள்வதற்கு ஒரு கம்பி என இரண்டு வேண்டியிருந்தன. 1838 ஆம் ஆண்டில் மியூனிக் நகரத்து ஸ்ரைன்ஹைல் என்பார், மீள்கம்பியை நீக்கிவிட்டு இரு முனையிலும் உலோகத் தகடுகளை மண்ணிற் புதைத்தால் நிலமே மீள்வழியாகும் என்று கண்டார். கம்பிச் செலவு பாதியாயிற்று. தந்தியின் "கட்டு கடகட்டு" ஒலிக்கு அது போதுமாயிருந்தது. பின்னர்த் தொலைபேசி வந்தது. மெல்லிய மனிதக் குரலுக்கு நிலம் போதவில்லை. அயலிலே ஓடிய தந்திகளின் ஓட்டங்களும், 1880 களிலிருந்து நகரங்களிற் புகுந்த மின்சார ட்றாம் வண்டிகளின் ஓட்டங்களும் அதே நிலத்தின் வழியே மீண்டமையால், பேசுவோர் காதில் இரைச்சலே மிஞ்சிற்று. ஈற்றில் தொலைபேசிக் கம்பனிகள் பெருஞ் செலவிலே மீண்டும் இரு கம்பிகளுக்குத் திரும்பின. அவ்விரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கி இடும் முறைக்கு, தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல் 1881 ஆம் ஆண்டிலேயே உரிமைப்பத்திரம் பெற்றிருந்தார். ட்றாம் வண்டியும் தொலைபேசியும் ஒரே நிலத்தைப் பங்கிட்டதனால் அன்று நேர்ந்த தொல்லையே இன்று ஒரு சோதனைப் பலகையின் செப்புப் படையிலும் நேர்கின்றது. அளவு சிறுத்ததேயன்றி நோய் மாறவில்லை.

மீளும் ஓட்டம் எவ்வழி செல்லும்? இதுவே முழு விடயத்தின் உயிர்நிலை. ஒரு பலகையின் மேற்படையிலே சைகைக்கம்பி ஒன்று வளைந்து வளைந்து செல்கின்றது. அதற்கடுத்த படை முழுவதும் செப்பு, அதுவே புவித்தளம் எனக் கொள்வோம். மெல்ல மாறும் ஓட்டமாயின் அது தடை குறைந்த நேர்வழிகளை நாடித் தளம் முழுவதும் பரந்து மீளும். விரைந்து மாறும் ஓட்டமோ அவ்வாறன்று. அது தடையை நோக்காது தூண்டற்றிறனையே நோக்கும். போகும் வழிக்கும் மீளும் வழிக்கும் இடைப்பட்ட பரப்பு எவ்வளவு சிறிதோ அவ்வளவு தூண்டற்றிறன் குறையும். ஆதலால் அவ்வோட்டம் மேலேயுள்ள கம்பியின் நேர்கீழாக, கம்பி வளையுமிடமெல்லாம் தானும் வளைந்து, நிழல்போலப் பின்பற்றி மீளும். யாரும் அதற்கு வழி வகுக்கவேண்டியதில்லை. தளத்தை வெட்டாமல் விட்டாற் போதும்.

இதை மனங்கொண்டால், இன்றும் பல நிறுவனங்களிலே சட்டம்போல வழங்கும் ஒரு வழக்கம் எத்துணைப் பிழையானது என்பது விளங்கும். அனலொக் சுற்றுக்கு ஒரு புவி, இலக்கமுறைச் சுற்றுக்கு வேறொரு புவி எனச் செப்புத் தளத்தை நடுவே அகழி வெட்டிப் பிரித்து, இரண்டையும் ஏதோ ஒரு மூலையில் ஒரு சிறு பாலத்தால் இணைப்பதே அவ்வழக்கம். இரைச்சல் அகழியைத் தாண்டாது என்பது நம்பிக்கை. இரைச்சல் தாண்டாதிருக்கலாம், ஆனால் சைகைக் கம்பிகள் தாண்டியே ஆகவேண்டும். மாற்றியின் முடிபுகளைப் பொறிக்குக் கொண்டுசெல்லாமல் என் செய்வது? அகழியின்மேற் செல்லும் ஒவ்வொரு கம்பியின் நிழலும் அகழிக்கரையில் வந்து தடைப்பட்டு, பாலமிருக்கும் மூலை வரை சுற்றிச் சென்று மீள்கின்றது. பிரிக்காமல் விட்டிருந்தால் மயிரிழையளவாய் இருந்திருக்கும் பரப்பு உள்ளங்கையளவாய் விரிகின்றது. அவ்விரிந்த வளையம் வானொலிக் கம்பிபோல ஒருபுறம் இரைச்சலைப் பரப்பவும் மறுபுறம் ஏற்கவும் தொடங்கும். தடுப்பதற்காக வெட்டிய அகழியே இரைச்சலுக்கு வாயிலாயிற்று.

நான் முன்னொருகாற் பணிபுரிந்த ஒரு நிறுவனத்தில் இவ்வாறான பலகை ஒன்று வந்து சேர்ந்தது. பெயர் வேண்டாம். மாற்றிச் சிப்கள் ஆய்வு மேசையில் நன்றாய் வேலை செய்தன. சோதனைப் பலகையில் ஏற்றியவுடன் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. சிப்பை வரைந்தவர்கள் பலகையைக் குறைகூறினர். பலகையை வரைந்தவர்கள் பொறியைக் குறைகூறினர். பொறியை விற்றவர்கள் வந்து பார்த்து எல்லாம் ஒழுங்காக உள்ளன என்று எழுதித் தந்துவிட்டுப் போயினர். வாரங்கள் கழிந்தன. அங்கிருந்த முதிய தொழில்நுட்பர் ஒருவர், பல்கலைக்கழகத்தின் பக்கமே போகாதவர், செப்பு நாடாத் துண்டுகளை வெட்டி, கடிகாரச் சைகைக் கம்பி அகழியைத் தாண்டும் இடத்துக்கு அண்மையில் இரு தளங்களையும் இணைத்து ஈயம் பற்றவைத்தார். இரைச்சல் அடங்கிவிட்டது. அதன்பின் கூடிய கூட்டத்திலே, நிறுவனத்தின் விதிநூல் தளத்தைப் பிரிக்கச் சொல்லுகின்றதென்றும், ஆதலால் அடுத்த பலகையிலும் பிரிக்கவே வேண்டுமென்றும் முடிவு செய்தார்கள்! விதி எதற்காக எழுந்ததென்பதை எவரும் கேட்கவில்லை.

பிரிப்போர் தமக்குச் சான்றாகக் காட்டுவது சிப்பின் கால்களுக்கு இடப்பட்ட பெயர்களை. ஒரு காலுக்கு அனலொக் புவி என்றும் மற்றொன்றுக்கு இலக்கமுறைப் புவி என்றும் உற்பத்தியாளரே பெயரிட்டிருக்கின்றாரே, அவற்றை வேறுவேறு தளங்களில் இணைக்கவேண்டுமென்பதற்கு வேறென்ன சான்று வேண்டும் என்பர். அப்பெயர்கள் அக்கால்கள் சிப்பினுள்ளே எப்பகுதிக்குச் செல்கின்றன என்பதைக் கூறுவனவேயன்றி, வெளியே எங்கு இணைக்கவேண்டும் என்பதைக் கூறுவன அல்ல. சிப்பினுள் உள்ள மயிரன்ன கம்பியை இரு பகுதியும் பங்கிடாதிருக்கவே இரண்டு கால்கள் வைத்தனர். வெளியே அவை இரண்டும் மிகக் குறுகிய வழியில் ஒரே தளத்தை அடைவதே பெரும்பாலும் நன்று. ஹென்றி ஒற் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் இரைச்சலைக் குறைக்கும் முறைகள் பற்றிய தமது நூலை 1976 ஆம் ஆண்டில் வெளியிட்டார். தளத்தைப் பிரிக்காதே, உறுப்புக்களைப் பிரித்து வை, கம்பிகளைத் தத்தம் எல்லைக்குள் ஓட்டு என்பதை அவர் பின்னர் ஓயாது வற்புறுத்தி வந்தார். ஒரு வீட்டில் அடுப்படியையும் படிப்பறையையும் வேறுவேறு பக்கத்தில் அமைப்பது போதும். நிலத்தை ஈராகப் பிளக்கவேண்டுவதில்லை.

இதற்கு விலக்கே இல்லையோ எனின், உண்டு. நோயாளியின் உடலோடு தொடுக்கப்படும் கருவியிலே உயிர்ப் பாதுகாப்புக் கருதி முழுமையாகப் பிரித்தே ஆகவேண்டும். அங்கே பாலமும் கூடாது. மோட்டாரை ஓட்டுவன போன்ற பல அம்பியர் ஓட்டங்கள் மெல்ல மாறி மீளுமிடத்தும், அவை நுண்ணளவை நடக்கும் பகுதியின் கீழாகப் பரவாதபடி தளத்திலே ஓர் இடைவெளி வெட்டுவது தக்கதே. மெல்ல மாறும் ஓட்டம் நிழல்போற் செல்லாது பரவும் என்று மேலே கூறினோமன்றோ? சாதாரண அச்சுப் பலகையின் செப்பு, சதுரம் ஒன்றுக்கு அரை மில்லி ஓம் தடையுடையது. அகலத்தைப் போல நூறு மடங்கு நீளமுள்ள கம்பியில் 50 மில்லி ஓம் உண்டு. அதன் வழியே 10 மில்லி அம்பியர் மீண்டாலும் அரை மில்லி உவோற்று, அதாவது மேலே கண்ட மாற்றியின் ஆறு படிகளுக்கு மேல், பிழையாகும். இதற்காகவே அளக்குமிடத்தில் ஓட்டத்தைக் கொண்டுசெல்லும் கம்பி வேறு, அழுத்தத்தை உணரும் கம்பி வேறு என நான்கு கம்பி இடும் முறை கெல்வின் பிரபுவின் பெயரால் வழங்குகின்றது. ஆகவே நான் எதிர்ப்பது வெட்டுவதையன்று; எந்த ஓட்டம் எவ்வழி மீள்கின்றது என்று ஒரு முறையேனும் வரைந்து பாராமல் வெட்டுவதை.

சோதனைப் பலகையிலே இன்னுமொரு சிக்கல் உண்டு. பொறிக்குள்ளேயும் அனலொக் கருவிகளின் புவியும் இலக்கமுறைக் கருவிகளின் புவியும் ஓரிடத்தில் இணைந்துள்ளன. அவ்விடம் பலகையிலிருந்து நெடுந்தூரம். பலகையில் தளத்தைப் பிரித்து வைத்தவர், இணைப்பு எங்கும் இல்லையென்று எண்ணிக்கொண்டிருக்க, உண்மையில் பொறியின் வயிற்றுக்குட் சென்று திரும்பும் மிகப் பெரிய வளையம் ஒன்றை ஆக்கிவைக்கின்றார். வேறு பலகைகளிற் பொறுக்கத்தக்க பிழையும் இங்கு பொறுக்கலாகாதது இதனாலேயே.

இனிக் கவசம் பற்றிச் சிறிது. 1836 ஆம் ஆண்டிலே மைக்கேல் பரடே இலண்டன் றோயல் இன்ஸ்ரிரியூசனில் ஒவ்வொரு பக்கமும் 12 அடியான கூடம் ஒன்றைக் கட்டி, அதனை உலோகத்தாற் போர்த்து, வெளியே வலிய மின்னேற்றம் கொடுத்துத் தாம் உள்ளே புகுந்து நுண்கருவிகளால் ஆராய்ந்தார். உள்ளே மின்னின் அறிகுறியே இல்லை. அன்றுதொட்டு உலோகப் பெட்டிக்குட் போட்டுவிட்டால் எல்லாம் அடங்கும் என்ற நம்பிக்கை பரவிற்று. மின்புலத்துக்கு அது மெய். காந்தப்புலத்துக்கு அன்று. இலங்கையில் எமது வீடுகளுக்கு வரும் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் காந்தப்புலம் செப்பிலே 9 மில்லிமீற்றருக்கு மேல் ஊடுருவிய பின்னரே மூன்றில் ஒரு பங்களவாகத் தேயும். பலகையிலுள்ள செப்புப் படையின் தடிப்போ பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரின் முப்பதில் ஒரு பங்கு. அப்புலத்துக்கு அது ஒரு மெல்லிய துகிலே. அங்கே பயன்படுவது கவசமன்று, பெல் காட்டிய முறுக்கே: போகும் கம்பியையும் மீளும் கம்பியையும் அணுக வைத்து வளையத்தின் பரப்பைச் சுருக்குவது. கவசக்கம்பியின் உறையை ஒழுங்காகச் சுற்றிவர இணைக்காமல், முனையை முறுக்கி வாலாக்கி ஒரு மூலையிற் பற்றவைப்பாரும் உளர். 3 சென்ரிமீற்றர் வாலுக்கு ஏறத்தாழ 30 நனோ ஹென்றி; 100 மெகா ஹேர்ட்ஸில் அது 19 ஓம் தடங்கல். கவசம் புவியோடு இணைந்திருக்கின்றது என்று அதன்பின் எவ்வாறு கூறுவது? சிலர் கவசத்தைத் தாயத்துப் போலக் கட்டுகின்றனர். கட்டினால் நன்மை, ஏன் என்று கேட்பது குற்றம்!

கவசத்தின் ஒரு வகையை மட்டும் நான் மனமாரப் புகழ்வேன். சிப்பின் காலிற் கசியும் பிக்கோ அம்பியர் அளவான ஓட்டத்தை அளக்கும்பொழுது பலகையின் மேற்பரப்பே எதிரியாகும். பக்கத்துக் கம்பியில் 5 உவோற்று இருந்து, இடையே ஆயிரங் கோடி ஓம் தடை இருந்தாலும், 500 பிக்கோ அம்பியர் கசியும். விரல் பட்ட எண்ணெய்ப் பசை போதும் அதனினும் பெருங் கசிவுக்கு. அளக்கும் கம்பியைச் சுற்றி ஒரு செப்பு வளையம் இட்டு, அவ்வளையத்தைக் கம்பியின் அதே அழுத்தத்தில் வேறொரு பெருக்கியால் நிறுத்திவைத்தால், இரண்டுக்கும் இடையே அழுத்த வேற்றுமை இல்லாமையாற் கசிவும் இல்லையாகும். பகைவனை மதில் கட்டித் தடுக்காமல், பகைமைக்குக் காரணத்தையே நீக்கிவிடும் இவ்வுபாயம் அழகானது.

மின்வழங்கலை வடிகட்டுவதிலே மூடநம்பிக்கை இன்னும் மிகுதி. (ஹவார்ட் ஜோன்சனும் மார்ட்டின் கிரகாமும் 1993 இல் விரைவுச் சுற்றுக்கள் பற்றி எழுதிய நூலுக்குச் சூனியக் கலைக் கைந்நூல் எனப் பொருள்படும் துணைத்தலைப்பு இட்டனர். அவர்கள் நகைச்சுவையாக இட்டதைச் சிலர் மெய்யென்றே கொண்டனர்போலும்.) எமது காலத்துப் பாடநூல்களில் ஒடுக்கி எனப்பட்டதும் இன்று கொள்ளளவி எனப்படுவதுமான உறுப்பை, பயிருக்கு எரு இடுவதுபோற் பலகையெங்கும் தூவிவிடுகின்றார்கள். 0.1 மைக்கிரோ பரட் கொள்ளளவியை அதன் இணைப்புக்களின் ஒரு நனோ ஹென்றியோடு சேர்த்து நோக்கினால், ஏறத்தாழ 16 மெகா ஹேர்ட்ஸில் பரிவு நிகழும். அதற்கு மேற்பட்ட மீடிறன்களில் அது கொள்ளளவியாய் நடவாது தூண்டியாய் நடக்கும். சோதனைப் பலகையில் நிலைமை இன்னும் கேடு. சொக்கற் இடத்தை அடைத்துக்கொள்வதனால் கொள்ளளவி சிப்பின் அருகே அமரமாட்டாது. பலகையின் மறுபுறத்தே, அத்தடித்த பலகையை ஊடுருவும் துளைகளின் வழியே தொடுக்கப்படுகின்றது. தூண்டற்றிறன் மூன்று நனோ ஹென்றி ஆனாலே பரிவு 9 மெகா ஹேர்ட்ஸுக்கு இறங்கிவிடும். மேன்மேலும் கொள்ளளவிகளைச் சேர்ப்பது இதற்கு மருந்தன்று. மின்வழங்கற் படையையும் புவித்தளத்தையும் பலகையின் மேற்புறத்துக்கு அண்மையில், மெல்லிய காவலிப் படையொன்றே இடையே நிற்கும்படி, அடுத்தடுத்து அமைப்பதே மருந்து. அது பலகை வரையத் தொடங்கும் முதல் நாளிற் செய்யவேண்டிய முடிவு. பலகை வந்தபின் செய்யத்தக்கதன்று.

வடிகட்டுதலில் மற்றொரு முரண்பாடும் உண்டு. அதைத் தொழிலுக்கு வெளியேயுள்ளார் அறியார். உள்ளேயிருந்தும் சிலர் நினையார். சிப் உறங்கும்பொழுது அது குடிக்கும் ஓட்டம் ஒரு மைக்கிரோ அம்பியருக்கு மேற்படலாகாது என்று சோதிக்கவேண்டியிருக்கும். மின்வழங்கலை அமைதிப்படுத்துவதற்காக 10 மைக்கிரோ பரட் கொள்ளளவி ஒன்றை அங்கே வைத்திருந்தால், வழங்கல் அழுத்தம் 10 மில்லி செக்கனில் ஒரு மில்லி உவோற்று நகர்ந்தாற்கூட அக்கொள்ளளவியே ஒரு மைக்கிரோ அம்பியரை உண்ணும். அளந்தது சிப்பையா கொள்ளளவியையா? அழுத்தம் அசையாது அமரும்வரை காத்திருக்கலாம். ஆனால் சோதனைப் பொறியின் காலம் செக்கன் கணக்கில் விலை பேசப்படுகின்றது. ஆதலால் அளக்கும் வேளையில் அக்கொள்ளளவியைக் கழற்றிவிட ஒரு ரிலே வேண்டும். ரிலே வைத்தால் அதன் கம்பி நீளம் தூண்டற்றிறனைக் கூட்டும். ஆகவே சிறிய கொள்ளளவி ஒன்று ரிலேயின் இப்பக்கத்தில், கழற்றாமலே நிற்கவேண்டும். ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவும் இந்த வேலையிலேதான் பலகை வரைவோனின் திறமை உள்ளது. "வழக்கம்போல் வடிகட்டுக" என்று ஒரு வரியில் எழுதி அவனிடம் கொடுப்பவர்களுக்கு இது தெரியாது.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று வாசகர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வியே. ஒரு சிப்பின் இரைச்சல் 35 மைக்கிரோ உவோற்றுக்கு மேற்படாது என்று உற்பத்தியாளர் வாக்களித்துள்ளார் எனக் கொள்க. நல்ல சிப்பின் இரைச்சல் 30. பலகையின் இரைச்சல் 40. தொடர்பற்ற இரைச்சல்கள் நேரே கூடுவதில்லை, வர்க்கங்களாய்க் கூடுவன. ஆதலால் பொறி காட்டுவது 50. நல்ல சிப்கள் யாவும் தோற்கும். தொழிற்சாலை நிறுத்தப்படலாகாது என்று மேலிடத்திலிருந்து ஆணை வரும். எல்லையை 55 ஆக உயர்த்துவார்கள். உடனே நல்லவை தேறும். அவற்றோடு 37 மைக்கிரோ உவோற்றுடைய தீயவையும் தேறும், ஏனெனில் அவை காட்டுவது 54 அல்லது 55. இன்னும் நுணுகி நோக்கின், 30 க்கும் 35 க்கும் உள்ள வேற்றுமை ஐந்து. இப்பலகையில் அது 50 க்கும் 53 க்கும் உள்ள வேற்றுமையாய், மூன்றாய்ச் சுருங்கிவிட்டது. பலகை பொய் சொல்வதோடு நில்லாமல் நல்லதற்கும் தீயதற்கும் இடையேயுள்ள இடைவெளியையும் மங்கச் செய்கின்றது. தேறிய தீய சிப் எங்கே செல்லும் என்பதை எவரும் தொடர்ந்து செல்வதில்லை. அது விளையாட்டுப் பொருளில் அமரலாம். இதயத் துடிப்பை வரையும் கருவியிலும் அமரலாம்.

இவ்வாறு எல்லையை உயர்த்தும் முடிவை எடுப்போர் தீயோர் அல்லர். அவர்கள் முன்னே காலக்கெடு நிற்கின்றது. சிப்பை வரைவதற்கு ஆண்டுக்கணக்கிற் காலம் தருவார்கள். அதைச் சோதிக்கும் பலகையை வரைவதற்கு ஈற்றிலே சில வாரங்களே மிஞ்சும். சிப் வரைவோர் முதற் படம் போடும் அன்றே பலகை வரைவோனையும் அழைத்து அருகில் இருத்தவேண்டும் என்பது எனது உறுதியான கருத்து. எந்தக் கால் எந்தக் காலுக்கு அண்மையில் வரும் என்பதை அப்பொழுது மாற்றலாம்; காசு செலவில்லை. சிப் ஆகிவிட்டபின் எத்தனை கவசமும் வடிகட்டியும் வாங்கினாலும் அதற்கு ஈடாகா.

எமது கல்லூரி மாணவருள்ளும் இத்துறையை நாடுவோர் இருப்பர். உயர்தரப் பௌதிகத்தில் இலத்திரனியலும் ஒரு பகுதியாக உள்ளது. ஆய்வுகூடத்துக்குப் புதுப்பொருள் வாங்கப் பழைய மாணவர் நிதி சேர்க்கும்பொழுதெல்லாம் விலையுயர்ந்த கருவிகளின் பட்டியலே முன்வைக்கப்படுகின்றது. அவற்றோடு ஒரு சிறு பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளுமாறு ஆசிரியர்களை வேண்டுகின்றேன். பழைய வானொலியிலிருந்து கழற்றிய மின்மாற்றி ஒன்று, ஒலிபெருக்கி பொருத்திய சிறு பெருக்கி ஒன்று, இரு மீற்றர் கம்பி ஆகியன போதும். பெருக்கியின் உள்ளீட்டில் அக்கம்பியைப் பெரிய வளையமாக விரித்து இணைத்து, வேலை செய்யும் மின்மாற்றியின் அருகே வைத்தால் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் "உம்" என்று கேட்கும். வளையத்துக்கும் மின்மாற்றிக்கும் நடுவே மெல்லிய அலுமினியத் தாளைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஓசை குறிப்பிடத்தக்க அளவு குறையாது. பின்பு வளையத்தை ஒடுக்கி, போகும் பாதியையும் மீளும் பாதியையும் ஒன்றோடொன்று முறுக்கச் சொல்லுங்கள். முறுக்க முறுக்க ஓசை தேய்ந்து அடங்குவதை மாணவர் தம் காதாலேயே கேட்பர். அதன்பின் கரும்பலகையிலே அம்மூன்று கோட்டுக் குறியை வரையுமிடமெல்லாம் மீள்கம்பியையும் முழுமையாக வரையச் சொல்லி ஒரு தவணைக்காவது நடத்திப் பார்க்கலாம்.